ஆபீஸ், பை, ஆர்யா

புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, புனே வானவடியில், நான்காவது மாடி வீட்டு ஹாலில் இருந்தவர்கள் பின்வருமாறு. வீட்டின் மூத்தவரும் வங்கிக் கிளை மேலாளராக ஓய்வு பெற்றவருமான கனகவல்லி. அவருடைய தம்பி கிருஷ்ணா. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் இயந்திரங்கள் செய்யும் போசரி தொழிற்சாலை ஒன்றில் யார்டு சூப்பர்வைசர், திங்கட்கிழமை முதல் சஸ்பெண்ட். கிருஷ்ணாவின் மனைவி மல்லிகா. துப்பறியும் பாமா. அவருடைய உதவியாளன் ராம்கி. கோயம்புத்தூர்க்காரன், நாற்பது வயது, ஹிஞ்சவடியில் பார்த்த மென்பொருள் வேலை போன பிறகு இந்த வேலைக்கு வந்தவன்.

இவர்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. இருந்தும் எல்லோரும் இன்னொருவருக்கு இடம் விட்டது போல ஒதுங்கியே உட்கார்ந்திருந்தார்கள்.

"விஷயத்தை நானே சொல்றேன். இவன் பேச மாட்டான்" என்றார் கனகவல்லி. "ஞாயித்துக்கிழமை இவங்க யார்டுலேர்ந்து ஒரு கிராப் காணாமப் போச்சு."

"கிராப்புன்னா என்னங்க?" என்றான் ராம்கி.

கிருஷ்ணா தலை நிமிர்ந்தான். "கப்பல் வயித்துலேர்ந்து நிலக்கரியை அள்ளி வெளியே போடற இரும்பு வாய். கிரேன் கயித்துல தொங்கும். ஒன்பது டன்." மூன்று நாளில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஒன்பது டன்னா! சட்டைப் பையில போட்டுட்டு வர்ற சாமான் இல்லீங்களே."

"போட்டுட்டு வந்துட்டான்னுதான் சொல்றாங்க" என்றார் கனகவல்லி. "இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு என்கொயரி முடியுது. வேலையை விட்டு எடுத்துட்டு, போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுக்கப் போறாங்க. திருட்டுக்கு நான் பயப்படலை. அதுக்குக் கோர்ட்டு இருக்கு, வக்கீல் இருக்கு. ஆனா இன்னொண்ணும் சொல்றாங்க. ஒரு பேர். அந்தப் பேரை இந்த வீட்ல யாரும் வாயால சொல்லக் கூடாதுன்னு திங்கட்கிழமையே சொல்லிட்டேன்."

சொன்ன சொல் மாறாதவர் ஆதலால், அந்தப் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, இரண்டாக மடித்து, பாமாவிடம் நீட்டினார். பாமா படித்துவிட்டு ராம்கியிடம் கொடுத்தார்.

"ஆர்யா" என்று உரக்கப் படித்தான் ராம்கி.

மல்லிகா எழுந்து சமையலறைக்குப் போனாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அதுவாக விழுந்த சத்தம் போல இல்லை.

கனகவல்லி பீரோவைத் திறந்து, திங்கட்கிழமை தொழிற்சாலை ஆள் கொண்டு வந்து கொடுத்த கடிதத்தை எடுத்து வந்தார். வந்த அன்றே தாமும் மல்லிகாவும் மட்டும் படித்துவிட்டுப் பூட்டி வைத்தது. கிருஷ்ணாவின் கண்ணில் காட்டவில்லை. ஒரு கூடப்பிறந்தவன் அக்காவின் எதிரில் படிக்கக்கூடிய கடிதமாக அவருக்குத் தோன்றவில்லை.

கடிதத்தின் சாரம் இது. யார்டில் வாக்கி டாக்கியில் பேசுவதெல்லாம் போன மாதத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டரில் தானாகப் பதிவாகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு, யார்டு மூடியிருந்தபோது, ஒரு தமிழ்க் குரல் பதிவாகியிருக்கிறது. எச்ஆர் அதிகாரி ஸ்நேஹா அதைக் கேட்டு எழுதியிருந்தாள்: ஆபீஸ், ஆபீஸ், பை, பை, ஆபீஸ், ஆர்யா, ஆர்யா, ஆர்யா. பிறகு இன்னும் பல ஆர்யா. கடைசியில் 'விடு'. இதிலிருந்து அவர்கள் கண்ட முடிவு: குரல் கிருஷ்ணாவுடையது, ஆர்யா என்னும் பெண் அவனுக்குக் கூட்டாளி, ஆபீஸில் ஒரு பை கைமாறியது, வாங்கிக்கொண்ட வாட்ச்மேன் லாரியை வெளியே விட்டுவிட்டான்.

பாமா கடிதத்தைக் கிருஷ்ணாவிடம் காட்டவில்லை. "திங்கட்கிழமை உங்களை என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க" என்றார்.

"அந்த எச்ஆர் பொண்ணுதான் கேட்டுது. ஆரியா தெரியுமான்னு."

"நீங்க?"

"தெரியும்னேன். முப்பது வருஷமாத் தெரியும்னேன்."

உள்ளே இன்னொரு பாத்திரம் விழுந்தது.

"அப்புறம்?"

"எப்பெப்போன்னு கேட்டுது. காலைல ஷிப்ட் ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும், நூறு தடவையாவது இருக்கும்னேன். ஆரியா இல்லேன்னா எனக்கு வேலையே ஓடாதுன்னேன். மத்தவங்களுக்குத் தெரியுமான்னு கேட்டுது. யார்டு பூரா தெரியும், புதுசா வர்றவனுக்கு நானே சொல்லிக் குடுப்பேன்னேன். அந்தப் பொண்ணு எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்துது."

கனகவல்லி நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். முதுகு மட்டும் சாயவில்லை.

"ஆரியான்னா என்ன?" என்றார் பாமா. 'யார்' என்று கேட்காமல் 'என்ன' என்று கேட்டது கிருஷ்ணாவுக்கு விசித்திரமாகவே படவில்லை.

"இறக்குன்னு அர்த்தம். ஹாபீஸ்னா தூக்கு. துறைமுகத்து பாஷை. கிரேன் இருக்கற எடத்துலெல்லாம் இதான். பீகார்க்காரன், மராட்டிக்காரன், நம்மாளு, எல்லாருக்கும் ஹாபீஸ்னா தூக்கு, ஆரியான்னா இறக்கு."

கனகவல்லி நாற்காலியின் கைகளை விட்டார்.

"ஆக, உங்க தம்பி முப்பது வருஷமா ஒரு வினைச்சொல்லோட தொடர்பு வச்சிருக்காருங்க" என்றான் ராம்கி.

மல்லிகா சமையலறை வாசற்படியில் நின்றாள். "இதை மூணு நாளா ஏன் சொல்லலை?"

"யாரும் கேக்கலையே. அந்தப் பேச்சே கூடாதுன்னு அக்கா சொல்லிட்டா. எந்தப் பேச்சுன்னும் சொல்லலை. திருட்டுப் பேச்சுன்னு நெனச்சேன். திருடினியான்னு கேக்கறவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? வாயை மூடிட்டேன்."

தாம் போட்ட உத்தரவு, அன்று கையிலிருந்த தகவலுக்குச் சரியான உத்தரவே என்று கனகவல்லி கருதினார். இப்போதும் அப்படித்தான் கருதுகிறார். காபி வந்தது. மூன்று நாளுக்குப் பிறகு அதில் சர்க்கரை இருந்தது.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க" என்றார் பாமா, டம்ளரைக் கீழே வைத்தபடி. "ஆர்யா போனதுல கேஸ் இன்னும் மோசமாயிருக்கு. இதுவரைக்கும் அது ஏதோ பொம்பளைப் பேச்சு. இப்போ அது வேலை. ஞாயித்துக்கிழமை மூடின யார்டுல யாரோ எதையோ தூக்கி இறக்கியிருக்காங்க. அந்தக் குரல் கிருஷ்ணாவோடதுன்னு அவங்க சொல்றாங்க."

"ரெண்டேகால் மணிக்கு நான் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டிருந்தேன்" என்றான் கிருஷ்ணா.

"சாட்சி?"

"மல்லிகா."

"பொண்டாட்டி சாட்சிங்களா?" என்றான் ராம்கி. "எங்க வீட்ல அது எனக்கு எதிராத்தான் செல்லும்."

*

போசரிக்குக் கனகவல்லியும் வந்தார். வர வேண்டாம் என்று பாமா இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்வதற்குள் அவர் காரில் ஏறி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பெல்ட் போட்டுக்குங்க ஆன்ட்டி" என்றான் ராம்கி.

"கனகவல்லி மேடம்" என்றார் அவர்.

"பெல்ட் போட்டுக்குங்க கனகவல்லி மேடம்."

தொழிற்சாலையில் முதலில் எதிர்ப்பட்டவர் யார்டு மேனேஜர் கேஷவ். கைகூப்பினார். சாய் சொல்லட்டுமா என்று ஹிந்தியில் கேட்டார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"கிருஷ்ணா நல்ல ஆதமி. ஆனா என்ன பண்றது மேடம், பொம்பளை விவகாரம், ஔரத் கா மாம்லா. பெரிய பெரிய ஆளுங்களே விழுந்துடறாங்க."

கனகவல்லி சாய் வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார். தரப்பட்ட நாற்காலியில், இரவல் வாங்கியதைப் போல, விளிம்பில் உட்கார்ந்தார்.

ஸ்நேஹாவின் அறை கண்ணாடி அறை. அவளுக்கு முப்பது வயதிருக்கும். பெற்றோர் தமிழர்கள், அப்பா ராணுவத்தில் இருந்ததால் புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. யார்டுக்குள் இன்னும் கால் வைக்கவில்லை. ஹெல்மெட் அளவு சரியாக இல்லையாம்.

"ஆன்ட்டி, நான் ஃபுல்லா ஃபேரா பண்ணேன்" என்றாள். "ஹெட் ஆபீஸ்ல யாருக்கும் தமிழ் நஹி ஆத்தா. எனக்குத்தான் வருது. அதான் நானே கேட்டு, நானே டிரான்ஸ்லேட் பண்ணேன்."

"போடுங்க, கேக்கலாம்" என்றார் பாமா.

ஒரே இரைச்சல். நடுவே ஒரு குரல், கடலுக்கு அப்பாலிருந்து கூப்பிடுவதைப் போல: ஹாபீஸ்... ஹாபீஸ்... பைய, பைய... ஹாபீஸ்... ஆரியா... ஆரியா...

கனகவல்லி கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"இது என் தம்பி இல்லை."

"ஆன்ட்டி, ஸாரி. நீங்க ஃபேமிலி. நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

"நான் முப்பத்தாறு வருஷம் பேங்க்ல கையெழுத்து சரிபார்த்தவ. என் அத்தை பிள்ளை கையெழுத்து மாறியிருந்தது, அவனையே திருப்பி அனுப்பினேன். இன்னிவரைக்கும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கறதில்லை. இதுல 'பை'ன்னு எழுதியிருக்கியே, அது என்ன?"

"பை. பைன்னா பேக் தானே?"

"அவர் பைன்னு சொல்லலை. பையன்னும் சொல்லலை. 'பைய'ன்னு சொல்றார். மெதுவான்னு அர்த்தம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. நாங்க மாயவரம். எங்க வீட்ல 'மெள்ள'ன்னுதான் வரும். தூக்கத்துல உளறினாக்கூட என் தம்பி வாயில 'பைய' வராது."

ஸ்நேஹா எழுதி வைத்ததைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடி எழுதியதைப் பார்த்தாள்.

"அப்போ பேக்?"

"பேக்கே இல்லீங்க" என்றான் ராம்கி. "ஆர்யாவும் இல்லீங்க. ஆபீஸ் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் ஹாபீஸ்ங்க. கிரேன் பாஷைல தூக்குன்னு அர்த்தம். ஆரியான்னா இறக்கு. எழுதினதுல உங்க கையெழுத்து ஒண்ணுதான் சரியா இருக்குங்க."

அவள் முகம் சுருங்கியது. "மம்மி மட்டும்தான் வீட்ல தமிழ் பேசுவா. கிச்சன்ல. கிச்சன்ல இந்த வேர்ட்ஸ்லாம் வரலை ஆன்ட்டி."

கனகவல்லிக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொந்த பாஷையில் தடுக்கி விழுந்தவளைப் பார்த்துச் சத்தம் போடுவது மரியாதை ஆகாது என்று விட்டுவிட்டார்.

"இங்கே தூத்துக்குடிக்காரர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார் பாமா.

"ரஃபீக் பாய். முகமது ரஃபீக். கிரேனுக்குக் கீழே நின்னு சிக்னல் குடுப்பார். பட் அவர் சாட்டர்டேலேர்ந்து லீவ். ரெஜிஸ்டர்ல இருக்கு."

"சனிக்கிழமை லீவ்ல போனவர் ஞாயித்துக்கிழமை ஹாபீஸ்ங்கறாரு" என்றான் ராம்கி. "வேலைமேல ஆசை யாரை விட்டுதுங்க?"

"இதை யார் யார் படிச்சாங்க?" பாமா கடிதத்தைத் தட்டிக் காட்டினார்.

"நான் எழுதினேன். கேஷவ் சார் படிச்சுட்டு சைன் பண்ணார். அவ்ளோதான். கான்ஃபிடென்ஷியல்."

பாமா கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ரஃபீக்கின் முகவரியை மட்டும் கேட்டு வாங்கினார்.

*

ரஃபீக் வீடு இருந்த ஏரவாடாவுக்குப் போகும் வழியில் ராம்கி ஒரு கையால் கார் ஓட்டியபடி, ஸ்நேஹா எழுதியதன் நகலில் இருந்த வார்த்தைகளை சிக்னலுக்குச் சிக்னல் எண்ணிக்கொண்டே வந்தான்.

"ஹாபீஸ் மூணு. ஆரியா பதினாலு. ஏறினது மூணு, இறங்கினது பதினாலு. என் ஹிஞ்சவடி சர்வீஸ் மாதிரியே இருக்குதுங்க."

"வண்டியை நிறுத்துங்க" என்றார் பாமா.

"நடு ரோடுங்க."

"ஓரமா நிறுத்துங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

பின்னால் ஹாரன்கள் அலறின. ராம்கி மறுபடி சொன்னான். பாமா கனகவல்லி பக்கம் திரும்பினார். "லாரியில ஏத்தறதா இருந்தா, தூக்கின அளவுக்குக்கூட இறக்க வேண்டாம். லாரித் தட்டு தரையைவிட உசரம். இங்கே கொஞ்சம் தூக்கியிருக்காங்க, நிறைய இறக்கியிருக்காங்க. அப்போ அது எங்கே போயிருக்கும்?"

"தரைக்குக் கீழே" என்றார் கனகவல்லி. சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது. "குளம்."

"என்ன குளம்?"

"அவங்க யார்டுல ஒரு பெரிய தொட்டி இருக்கு. தண்ணிக்குள்ள வேலை செய்யற சாமானையெல்லாம் அதுல முக்கிப் பார்ப்பாங்களாம். குளம்னுதான் பேராம். சாப்பிடறப்ப தம்பி சொல்லியிருக்கான். சாப்பிடறப்ப பேசாதேன்னு நான் சொல்லியிருக்கேன்."

ரஃபீக் வீட்டில்தான் இருந்தார். ஒடுங்கிய சந்து, கதவைத் திறந்தால் நேராகக் கட்டில். ஐம்பது வயது, கிரேன் கொக்கியைப் போல வளைந்த கைவிரல்கள். வந்தவர் யார் என்று தெரிந்ததும் கட்டிலைத் தட்டி, விரிப்பை மாற்றி, கனகவல்லியை உட்கார வைத்தார்.

"கிருஷ்ணா அண்ணனுக்க அக்காவா? உக்காருங்கம்மா. அண்ணன் சொகமா இருக்காவளா?"

பாமா விஷயத்தைச் சொன்னார். ரஃபீக் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணனையா திருடன்னு சொல்லுதானுவ? எனக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா. இந்தப் பக்கம் வராத, போனும் போடாத, ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுன்னு சொன்னதால நான் பேசாம கெடக்கேன்."

"யார் சொன்னது?"

ரஃபீக் கட்டில் விரிப்பை மறுபடி நீவினார்.

"ஞாயித்துக்கிழமை நீங்கதான் சிக்னல் குடுத்தீங்க. கிராப்பைக் குளத்துல இறக்கினீங்க. மேலே கிரேன் ஓட்டினது யாரு?"

"போட்டி கம்பெனிக்காரன் வேவு பாக்கான், ரகசிய டெஸ்ட்டு, யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லாதன்னு சொன்னாவ. சத்தியம் வாங்கிட்டாவம்மா. குரான் மேல கை வச்சுக் குடுத்த சத்தியம்."

"பாய், அஞ்சு மணிக்கு ஒரு நல்ல மனுஷனை..."

"கேக்காதீங்க" என்றார் கனகவல்லி.

பாமாவும் ராம்கியும் அவரைப் பார்த்தார்கள்.

"அவர் சத்தியம் பண்ணியிருக்கார். அதை முறிக்கச் சொல்லி என் தம்பி பேரைக் காப்பாத்திக்க வேண்டாம். அப்படிக் காப்பாத்தின பேரை வச்சுண்டு நாங்க என்ன பண்றது?"

"மூணு இருபதுங்க மேடம்" என்றான் ராம்கி. "அதைக் காப்பாத்தவும் முடியாதுங்கற நேரம் வந்துட்டிருக்குதுங்க."

ரஃபீக் தரையைப் பார்த்தபடி யோசித்தார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

"பேரைச் சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணுனேன்" என்றார். "தூக்க மாட்டேன்னு யாருகிட்டயும் சொல்லலியேம்மா."

*

நாலு முப்பத்தைந்து. யார்டில் வேலை நின்றது. தலைக்குப் பெரிதான ஹெல்மெட்டைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்நேஹா முதல் முறையாகக் குளக்கரைக்கு வந்தாள். தொழிலாளர்கள் இருபது பேர் சுற்றி நின்றார்கள். குளத்தில் பச்சைத் தண்ணீர். ஓரத்தில் ஒரு தார்ப்பாய். ரஃபீக் அதை விலக்கினார். அடியில், கரை வளையத்தில் கட்டியிருந்த சங்கிலி நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

கொக்கியை மாட்டிவிட்டு, ரஃபீக் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டு போனார். மேலே கிரேன் அறையில் இருந்தவர் சாதாராக்காரர், மராட்டியர். தமிழில் ஒரு வார்த்தை அறியாதவர்.

"ஹாபீஸ்."

சங்கிலி விறைத்தது.

"ஹாபீஸ்... பைய, பைய... ஆரியா கொஞ்சம்... ஆரியா... ஹாபீஸ்."

கொக்கி ஏறியது, நின்றது, இறங்கியது, ஏறியது. ஸ்நேஹாவின் தலையும் கூடவே ஏறி இறங்கியது. "ஓ" என்றாள், மிகவும் மெதுவாக.

தண்ணீர் பிளந்தது. கறுத்த இரும்பு வாய் ஒன்று நீரைக் கொட்டிக்கொண்டே எழுந்து வந்து எல்லோர் தலைக்கும் மேலே தொங்கியது. ஒன்பது டன். அதன் ஒரு பக்கத்துக் கை முழங்கைபோல வளைந்திருந்தது; வளைவில் நீளமாக ஒரு விரிசல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேஷவ் ஓடி வந்தார். "கிடைச்சிடுச்சா? ஷாபாஷ்!" மூச்சு வாங்கியது. "அப்போ கிருஷ்ணா இங்கே ஒளிச்சு வச்சிருக்கான். ராத்திரியோடு ராத்திரியா வெளியே கொண்டு போகத் திட்டம். ஸ்நேஹா ஜி, ரிப்போர்ட்ல இதையும் எழுதிக்குங்க."

ஸ்நேஹா பேனாவை எடுத்தாள். எழுதவில்லை.

பொருள் கிடைத்ததே தம்பிக்கு எதிரான சாட்சியாகிவிடும் என்று கனகவல்லி நினைத்துப் பார்த்திருக்கவில்லை. 'பைய' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி, அதுவும் ஒரு அக்காவின் வாய்ச்சொல்லை நம்பி, யார் அவனை விடுவார்கள்? ரஃபீக்கைப் பார்த்தார். ரஃபீக் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மணி நாலு ஐம்பது.

"எழுதறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே எழுதினதை ஒரு தடவை படிச்சுடலாமே" என்றார் பாமா. "ராம்கி, சத்தமா. ஹிந்தியில."

ராம்கி ஒரு இரும்புப் பெட்டியின் மேல் ஏறி நின்றான். அவனுடைய ஹிந்தி கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்ட ஹிந்தி. இருந்தாலும் படித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் குற்றவாளி வாக்கி டாக்கியில் பேசியது: "ஆபீஸ், ஆபீஸ். ஆர்யா, ஆர்யா, ஆர்யா." இதனால் ஆர்யா என்னும் பெண்மணி குற்றவாளியின் அந்தரங்கக் கூட்டாளி என்பது நிரூபணமாகிறது.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு பக்கத்தில் இருந்தவன். "ஆரியா மாதா கி ஜெய்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். இருபது பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேலே கிரேன் அறையில் சாதாராக்காரர் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். ரஃபீக்குக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

பாமா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"கேஷவ் ஜி, இங்கே இதைக் கேட்டுச் சிரிக்காதவங்க ரெண்டு பேர். ஒருத்தி ஸ்நேஹா; பாவம், அவளுக்கு இன்னிக்குத்தான் அர்த்தம் தெரியும். நீங்க எத்தனை வருஷமா கிரேனுக்குக் கீழே நிக்கறீங்க?"



"இருபத்திரெண்டு வருஷம்" என்றாள் ஸ்நேஹா. "பயோடேட்டாவில இருக்கு."

"ஒரு நாள் நின்னவன்கூடச் சிரிக்கற காகிதம். நீங்க முழுசாப் படிச்சீங்க. சிரிக்கலை. இது பொம்பளைப் பேர் இல்லைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லவும் இல்லை. கையெழுத்துப் போட்டீங்க. இன்னிக்குக் காலையிலகூட இந்தம்மாகிட்ட ஔரத் கா மாம்லான்னு வருத்தப்பட்டீங்க. இறக்குங்கற வார்த்தையைப் பொம்பளையா விட்டு வச்சா யாருக்கு லாபம்? எதை எங்கே இறக்கினாங்கன்னு யாரும் கேக்கக் கூடாதுங்கறவருக்குத்தான்."

தலைக்கு மேலே கிராப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கேஷவ் நிமிர்ந்து, வளைந்த அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை எடை தூக்கிப் பார்த்த லோடு டெஸ்ட்ல வளைஞ்சுது" என்றார், ஹிந்தியில், யாரையும் பார்க்காமல். "இரும்பு சரியில்லை. தேர்ந்தெடுத்தது நான். பாஸ்னு எழுதிட்டேன். திங்கட்கிழமை துறைமுகத்துலேர்ந்து இன்ஸ்பெக்டர் வர்றதா இருந்தார். திருடு போன சாமானை யாரும் சோதிக்க முடியாது. கிருஷ்ணாமேல பழி விழணும்னு நான் நினைக்கலை. அந்தப் பேப்பர் தானா வந்துது."

"வந்ததை ஆரியா பண்ணாம ஹாபீஸ் பண்ணிட்டீங்க" என்றான் ராம்கி, பெட்டியிலிருந்து இறங்கியபடி.

ரஃபீக் கனகவல்லியிடம் வந்தார். "நான் பேரைச் சொல்லலம்மா."

"நீங்க சொல்லலை. நானும் கேக்கலை" என்றார் கனகவல்லி.

ஸ்நேஹா ரிப்போர்ட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டாள். தேதியும் நேரமும் எழுதினாள்: நாலு ஐம்பத்தெட்டு. பிறகு சஸ்பெண்ட் ஆகியிருந்த வாட்ச்மேனுக்குப் போன் செய்து, நாளைக் காலை வேலைக்கு வரச் சொன்னாள். கிருஷ்ணாவுக்கு அவள் போன் செய்ய முயன்றபோது கனகவல்லி தடுத்தார். போனில் சொல்லித் தீர்க்கும் விஷயமாக அவர் அதைக் கருதவில்லை. எழுதிக் குற்றம் சாட்டியவர்கள் எழுதித்தான் எடுக்க வேண்டும்.

கனகவல்லி போய்க் கெஞ்சிக் கேட்டதால்தான் கம்பெனி மன்னிப்புக் கடிதம் கொடுத்தது என்று புனே கேம்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் பேச்சு இருக்கிறது. அது தவறு. கடிதம் அடுத்த நாள் தானாகவே வந்தது. அதில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மாறியிருந்ததால் கனகவல்லி அதைத் திருப்பி அனுப்பினார். திருத்தி எழுதிய இரண்டாவது கடிதத்தைத்தான் வாங்கிக்கொண்டார்.